ஒரு கூடாரம், இரண்டு மூச்சு

1906ஆம் ஆண்டில் லடாக் பகுதியிலுள்ள நுன் குன் மலைத்தொகுதியில் ஓர் அமெரிக்கத் தம்பதியர் 6,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் பனியின்மீது கூடாரம் அடித்துத் தங்கினர். கணவர் வில்லியம் ஹண்டர் வொர்க்மன் ஒரு மருத்துவர். மனைவி ஃபேனி புல்லக் வொர்க்மனுக்கு அப்போது வயது 47. அந்தப் பயணத்தில் அவர் 6,930 மீட்டர் உயரமுள்ள பினக்கிள் சிகரத்தை ஏறி முடித்தார். அதற்குமுன் எந்தப் பெண்ணும் அவ்வளவு உயரம் ஏறியதாகப் பதிவில்லை. 1934இல் அந்தச் சாதனையை முறியடித்த ஹெட்டி டிரென்ஃபர்த்தும் தம் கணவரோடு காரகோரம் மலைக்குச் சென்றவரே.

வொர்க்மன் தம்பதியர் மலைக்குப் போகுமுன் இலங்கையிலும் இந்தியாவிலும் சைக்கிளில் சுற்றியவர்கள். நம் நாட்டுக் கோயில்களைப் பற்றி ஒரு பெரிய நூலே எழுதினர். மலைப்பயணங்களில் ஓராண்டு ஏற்பாடுகளை ஒருவர் கவனித்தால், மறு பயணத்தில் மற்றவர் கவனிப்பார். ஆனால் மூட்டைகளைச் சுமந்தவர்கள் உள்ளூர்க் கூலியாட்கள். அவர்களைப் பற்றி இத்தம்பதியர் எழுதியவற்றில் சில பகுதிகளை இன்று படித்தால் மனம் ஒப்பவில்லை.

இன்று இமயமலையில் பத்து நாள் நடக்க விரும்பும் கணவனும் மனைவியும் பெரும்பாலும் தங்கள் மூட்டையைத் தாங்களே சுமக்கலாம். கூடாரம், அடுப்பு, பாத்திரம், மருந்துப் பெட்டி ஆகியவை இருவருக்கும் ஒன்றே போதும் என்பதால் தலைக்கு ஆகும் சுமை குறைகிறது. நடையில்தான் சங்கடம் வரும். சமவெளியில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அத்துடன் ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் மேலும் ஒரு மணி நேரம் என்பது ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892இல் வகுத்த கணக்கு. இது ஏறத்தாழ ஒரு மதிப்பீடே. இருவரில் மெதுவாக நடப்பவரின் வேகத்துக்குத்தான் இக்கணக்கைப் பொருத்த வேண்டும். வேகமாக முன்னே போய்விட்டு, வியர்வையில் நனைந்த சட்டையுடன் காற்றில் நின்று காத்திருப்பவர் என்ன ஆகிறார்? நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே அவருடைய உடல் சில நிமிடங்களிலேயே குளிர்ந்துவிடுகிறது.

இனி மலைக்காற்றைப் பார்ப்போம். உயரப் போகப் போகப் பிராணவாயுவின் விகிதம் குறைகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. எங்கும் அது 21 விழுக்காடுதான். குறைவது காற்றின் அழுத்தம். சுமார் 5,500 மீட்டர் உயரத்தில் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதியே. ஒவ்வொரு மூச்சிலும் நாம் பெறும் பிராணவாயுவும் அதே அளவு குறைந்துவிடும்.

இதன் முதல் தொல்லை சோற்றுப் பானையில் தெரியும். அழுத்தம் குறைந்தால் நீர் தாழ்ந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். 4,500 மீட்டரில் அது ஏறத்தாழ 85 டிகிரி செண்டிகிரேடிலேயே கொதிக்கிறது. எவ்வளவு நேரம் கொதித்தாலும் அதற்குமேல் சூடு ஏறாது, பருப்பு வேகாது. மலைவாசிகள் பிரஷர் குக்கரைச் சுமந்து போவது இதனால்தான். அதைத் தூக்க மனமில்லாதவர்களுக்கு அவலும் சத்துமாவும் இருக்கின்றன.

இரண்டாவது தொல்லை இரவில் வரும். அருகில் படுத்திருப்பவரின் மூச்சு வேகமாகி, ஆழமாகி, பிறகு பத்து விநாடி போல அடியோடு நின்றுவிடும்! கேட்பவர் பதறி எழுவார். அதற்குள் உறங்குபவர் ஒரு பெருமூச்சோடு மீண்டும் சுவாசிப்பார். காரணம் இதுதான்: பிராணவாயு போதாமல் உடல் வேகமாக மூச்சு விடும்போது இரத்தத்திலுள்ள கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது. மூச்சு விடு என்று மூளையைத் தூண்டுவது பெரும்பாலும் அந்த வாயுதான். அது குறைந்ததும் தூண்டுதல் நிற்கிறது, சேர்ந்ததும் மீள்கிறது. உயர்ந்த இடங்களில் இது பலருக்கும் வருவது. இதை மட்டும் வைத்து நோய் என்று கருத வேண்டியதில்லை.

அஞ்ச வேண்டியவை வேறு. 2,500 மீட்டருக்கு மேல் தலைவலியுடன் குமட்டலும் சோர்வும் வந்தால் அது மலைநோயின் தொடக்கமாக இருக்கலாம். அன்று மேலே ஏறக்கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், விடாத இருமல் இருந்தால், நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். பேச்சு குழறினால், நடை தள்ளாடினால், மூளை வீங்கத் தொடங்கியிருக்கலாம். ஒரு குதிகாலை மறுகால் விரலோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். தடுமாறுகிறாரா? உடனே கீழே இறங்குவதே முதல் மருத்துவம். 500 முதல் 1,000 மீட்டர் வரை இறங்கினாலே பெரும்பாலும் மாற்றம் தெரியும். விடியட்டும் என்று காத்திருந்து உயிரை விட்டவர்கள் உண்டு. அவரைத் தனியே அனுப்பக்கூடாது.

இந்தச் சோதனையைத் தனக்குத்தானே செய்துகொள்வது கடினம். பிராணவாயு குறைந்த மூளை, தான் குழம்பியிருப்பதை உணர்வதில்லை. "எனக்கு ஒன்றுமில்லை" என்று சாதிப்பதே சில சமயம் அறிகுறியாகும். 1934இல் அண்டார்டிகாவில் ஒரு குடிலில் தனியே குளிர்காலத்தைக் கழித்த அமெரிக்கத் தளபதி ரிச்சர்ட் பேர்டுக்கு அடுப்புப் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு நஞ்சாயிற்று. அவர் தம் நிலையை மறைத்தார். வானொலியில் வந்த செய்திகள் தாறுமாறாக இருப்பதைக் கண்டு ஐயுற்ற தோழர்களே வந்து காப்பாற்றினர்.

அதே வாயு சிறு கூடாரத்திலும் உண்டாகும். குளிருக்குப் பயந்து வாயிலை இழுத்து மூடி உள்ளே அடுப்பு மூட்டுவது எங்கும் ஆபத்து; மலையில் இரட்டை ஆபத்து. கார்பன் மோனாக்சைடு, இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். நிறமும் இல்லை, மணமும் இல்லை.

அடுப்பு இல்லாமல் குளிர் தாங்குமா? உறங்கும் மனிதர் ஒருவர் ஏறத்தாழ 70 வாட்டு வெப்பத்தை வெளிவிடுகிறார். ஒட்டிப் படுக்கும் இருவரின் குளிருக்குத் திறந்த பரப்பு குறைகிறது. சேர்த்து ஜிப் போட்ட உறக்கப்பைகள் இதற்கு உதவும். கீழே விரிப்பு அவசியம். உறக்கப்பையின் இறகுகளுக்கிடையே தங்கும் காற்றுதான் கதகதப்பைக் காக்கிறது. உடலின் எடையில் அது நசுங்கி வெளியேறிவிடும். மேலே காற்றுத் துளையை மட்டும் மூடாதீர்கள். இருவர் விடும் மூச்சில் ஓரிரவில் கால் லிட்டருக்குக் குறையாத நீர் ஆவியாக வெளியேறும். அது போக வழியில்லாவிட்டால் கூரைத்துணியில் உறைபனியாகப் படிந்து, காலையில் வெயில் பட்டதும் உறக்கப்பைகளின்மேல் மழையாகச் சொட்டும். நனைந்த இறகு அடுத்த இரவு உதவாது. முதலில் எழுபவர் அந்தப் பனியை ஒரு துணியால் துடைத்து வெளியே உதறிவிட்டால், அரைமணி நேரத்தில் கூடாரத்தை மடித்துக் கட்டிவிடலாம்.