கற்பித்துக்கொண்டே கற்கும் ஆசிரியர்கள்

ஒரு தொழிலில் வல்லவராக இருப்பது வேறு. அத்தொழிலைப் பிறருக்குக் கற்பிப்பது வேறு. இருபது ஆண்டுகள் சுவர் எழுப்பிய கொத்தனாருக்குச் சாந்தின் பதம் கரண்டியால் கிளறியவுடனே தெரிந்துவிடும். ஆனால், முதன்முதலாகக் கரண்டி பிடிக்கும் இளைஞனுக்கு அப்பதத்தை எவ்வாறு விளங்க வைப்பது? இக்கேள்விக்கு இங்கிலாந்து நாடு கண்ட விடையை அறிந்துகொள்வது, கைத்தொழில் கற்பிக்கும் எவருக்கும் பயன் தரும்.

தொடர்கல்விக் கல்லூரிகள்

பதினாறு வயதுக்கு மேற்பட்டோருக்குப் பல்கலைக்கழகப் பட்டமல்லாத கல்வியை அளிப்பவை அந்நாட்டின் தொடர்கல்விக் கல்லூரிகள். கட்டடவேலை, மின்வேலை, சமையல், தோட்டக்கலை, கால்நடை வளர்ப்பு முதலியன அங்கே கற்பிக்கப்படுகின்றன. முதியோரும் எழுத்தும் கணக்கும் கற்க வருகின்றனர். 1944ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் இக்கல்விக்கு வழிசெய்யும் கடமையை உள்ளாட்சிக் கல்வி அதிகாரிகளிடம் ஒப்படைத்தது. அந்தப் பத்தாண்டிலேயே, தொழிற்கல்வி ஆசிரியர்களைத் தயாரிக்க லண்டன், போல்ட்டன், ஹடர்ஸ்பீல்டு ஆகிய இடங்களில் பயிற்சிக் கல்லூரிகள் தோன்றின.

ஆயினும், பட்டறையிலிருந்து நேரே வகுப்பறைக்கு வருவோரே பலர். குடும்பப் பொறுப்புள்ள அவர்கள் ஊதியத்தை விட்டு முழுநேரம் படிக்க இயலாது. ஆகவே, பணியில் இருந்தவாறே பயிலும் முறை வேரூன்றியது.

பயிற்சியின் முறை

பயிலும் ஆசிரியர் வாரத்தில் ஒரு நாளோ, ஒரு மாலையோ பயிற்சி வகுப்புக்குச் செல்வார். ஏனைய நாட்களில் தம் மாணவருக்குக் கற்பிப்பார். பகுதிநேரமாகப் பயில்வோருக்கு இது பெரும்பாலும் இரண்டு ஆண்டுப் படிப்பு. 2013ஆம் ஆண்டை ஒட்டி வந்த டிப்ளமாப் படிப்பில் குறைந்தது 100 மணி நேரம் கற்பித்திருக்க வேண்டும். குறைந்தது எட்டு முறை அவருடைய பாடத்தைப் பிறர் நேரில் இருந்து மதிப்பிட வேண்டும் என்று விதிக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டில் அதற்குப் பதிலாகப் புதிய டிப்ளமா வந்தது.

பாடத்தை முன்கூட்டித் திட்டமிடுதல், ஒரு வேலையைச் சிறு படிகளாகப் பிரித்துக் காட்டுதல், மாணவர் புரிந்துகொண்டனரா எனச் சோதித்தல், பாடம் முடிந்தபின் நிறைகுறைகளை எழுதிவைத்தல் ஆகியவை பயிற்சியின் உயிர்நாடி. அதே தொழிலில் அனுபவம் மிக்க ஆசிரியர் ஒருவர் வழிகாட்டியாக அமைவார். இன்று கற்றதை நாளையே வகுப்பில் செய்து பார்க்கலாம் என்பதே இம்முறையின் தனிச்சிறப்பு.

கட்டாயமா, விருப்பமா?

2007ஆம் ஆண்டின் விதிகள், புதிதாகப் பணியேற்கும் முழுநேர ஆசிரியர் ஐந்து ஆண்டுகளுக்குள் தகுதி பெற வேண்டும் எனக் கட்டாயப்படுத்தின. 2012இல் லிங்க்பீல்டு பிரபுவின் தலைமையில் அமைந்த குழு இதை ஆராய்ந்தது. 2013இல் அக்கட்டாயம் நீக்கப்பட்டு, முடிவு கல்லூரிகளின் பொறுப்பில் விடப்பட்டது.

இரு தரப்பிலும் நியாயம் உண்டு. நிபந்தனை கடுமையானால், வெளியில் நல்ல வருவாய் பெறும் கைவினைஞர் கற்பிக்க வரத் தயங்குவர். நிபந்தனையே இல்லையெனில், பயிற்சிக்கென நேரம் ஒதுக்க நிர்வாகம் தவறிவிடலாம். பாடச் சுமையைக் குறைக்காமல் படிப்பையும் ஏற்றினால், ஆசிரியரின் இரவுகளும் விடுமுறைகளும் அதிலேயே கரைந்துபோகும்; சிலர் இடையில் கைவிடவும் நேரும்.

இழப்பு யாருக்கு?

பள்ளியில் தோல்வியுற்று, இனி ஒரு தொழிலாவது கைகூடாதா என்ற ஏக்கத்துடன் வருவோர் இக்கல்லூரிகளில் உண்டு. அவர்களுக்கு இது இரண்டாவது வாய்ப்பு. “நான் செய்வதைப் பார்த்துக்கொள்” என்பதோடு ஆசிரியர் நின்றுவிட்டால், அவ்வாய்ப்பும் வீணாகும். கைத்திறன் மிக்கவரை ஆசிரியராக அமர்த்தினால் மட்டும் போதாது. கற்பிக்கும் கலையைப் பயில அவருக்கு நேரமும் துணையும் அளிக்க வேண்டும். அவ்வாறு செய்தால், ஒருவர் கையிலுள்ள தொழில் நூறு கைகளுக்குப் பரவும்.