நியாயப்பிரமாணம்: தமிழாசிரியர் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு சொல்

‘பத்துக் கற்பனைகள்’ என்று ஒரு மாணவர் கட்டுரையில் எழுதியிருந்தால், உடனே சிவப்பு மையால் சுழித்துவிடாதீர்கள். அது பிழையில்லை. புரோட்டஸ்டன்ட் சபைகளில் இன்றும் வாசிக்கப்படும் பழைய வேதாகமத் தமிழில் கற்பனை என்றால் கட்டளை. ‘கற்பித்தார்’ என்ற வினையும் அங்கே ‘கட்டளையிட்டார்’ என்ற பொருளில் வரும். ஞாயிற்றுக்கிழமை ஒரு தமிழ், திங்கட்கிழமை நம் வகுப்பில் இன்னொரு தமிழ் என்று இரண்டுக்கும் நடுவில் அந்தப் பிள்ளை வளர்கிறது.

அதே தமிழில் உள்ள இன்னொரு சொல்தான் ‘நியாயப்பிரமாணம்’. நியாயம், பிரமாணம் என்ற இரண்டு வடசொற்களைச் சேர்த்தது. பைபிளின் முதல் ஐந்து நூல்களில் மோசே வழியாக இஸ்ரவேலருக்குக் கொடுக்கப்பட்ட சட்டத்தை அது குறிக்கும். கத்தோலிக்க வீட்டுப் பிள்ளைக்கு இந்தச் சொல் அவ்வளவாகப் பழக்கமிருக்காது. 1995இல் வந்த திருவிவிலியம் அதைத் ‘திருச்சட்டம்’ என்கிறது. சொல் இரண்டு, பொருள் ஒன்று.

இங்கேயே ஓர் எச்சரிக்கை. புதிர்ப்போட்டியில் “ஐந்தாம் கட்டளை எது?” என்று கேட்டுவிடாதீர்கள். கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் ‘கொலை செய்யாதே’ என்பார்கள். மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன் பிள்ளைகள் ‘தாய் தந்தையை மதி’ என்பார்கள். எண்ணும் முறைதான் வேறு. இரண்டுமே சரியான விடை.

நம் நாட்டுப் பிள்ளைகள் இயல்பாகக் கேட்கும் கேள்வி இது: “டீச்சர், பன்றி இறைச்சி சாப்பிடக் கூடாதுன்னு அவங்க பைபிள்லயும் இருக்காமே, அப்புறம் எப்படிச் சாப்பிடறாங்க?” கேள்வி நியாயமானதுதான். லேவியராகமம் 11ஆம் அதிகாரம் அப்படித்தான் சொல்கிறது. பெரும்பாலான கிறிஸ்தவர்கள் அந்த விதி தங்களைக் கட்டுப்படுத்தாது என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அதே ஐந்து நூல்களில் உள்ள ‘களவு செய்யாதே’ தங்களைக் கட்டுப்படுத்தும் என்கிறார்கள். எதை வைத்து இதைப் பிரித்தார்கள்?

பதில் தேட, எஸ்பிஎம் பைபிள் பாடம் எடுக்கும் பிள்ளைகள் படிக்கும் அப்போஸ்தலர் நடபடிகள் நூலின் 15ஆம் அதிகாரத்துக்குப் போகவேண்டும். ஏறக்குறைய கி.பி. 49. இயேசுவைப் பின்பற்றியவர்கள் முதலில் யூதர்கள். பிறகு மற்ற இனத்தவரும் சேர்ந்தார்கள். அவர்கள் விருத்தசேதனம் செய்து, மோசேயின் சட்டம் முழுவதையும் கடைப்பிடிக்க வேண்டுமா என்று எருசலேமில் கூடி வாதாடினார்கள். வேண்டாம் என்பதே முடிவு. நான்கு காரியங்களை மட்டும் விலக்கச் சொன்னார்கள்: சிலைகளுக்குப் படைத்தது, இரத்தம், கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டது, தகாத உறவு. இந்தப் பட்டியலில் உள்ள இரத்தத்தைக் காட்டித்தான் சில சபையார் தோட்டத்து விருந்தில் இரத்தப் பொரியலைத் தொடமாட்டார்கள். அடுத்த இலையில் இன்னொரு கிறிஸ்தவர் அதை ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

இந்த வாதத்தின் சூடு தமிழருக்குச் சட்டென்று விளங்கும். ஏனென்றால் இது பந்தி விவகாரம். மற்ற இனத்தவரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் மெல்ல எழுந்து விலகிக்கொண்டார். பவுல் அவரை எல்லார் முன்னாலும் கண்டித்தார். கலாத்தியர் நிருபம் இரண்டாம் அதிகாரத்தில் இது இருக்கிறது. சமபந்தி என்று நாம் சொல்கிறோமே, அதுதான் அங்கே பிரச்சினை. சட்டத்தைக் கைக்கொண்டு யாரும் கடவுள்முன் நீதிமானாக முடியாது, விசுவாசத்தால்தான் முடியும் என்ற பவுலின் பெரிய வாதம் இந்தச் சாப்பாட்டு மேசைச் சண்டையிலிருந்துதான் விரிகிறது.

பிற்காலத்தார் சட்டத்தை ஒழுக்கம், வழிபாடு, அரசு நடைமுறை என்று மூன்றாகப் பிரித்தார்கள். 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இதைத் தெளிவாக வகுத்தார். ஒழுக்கச் சட்டம் என்றைக்கும் நிற்கும், மற்ற இரண்டும் அந்தக் காலத்தோடு முடிந்தன என்பது அதன் சாரம். வகுப்பில் விளக்க இது வசதிதான். ஆனால் மூல நூல் அப்படிப் பிரித்து வைக்கப்படவில்லை. லேவியராகமம் 19இல் பிறனை உன்னைப்போல நேசி என்ற கட்டளைக்கு அடுத்த வசனத்திலேயே, இரண்டு வகை நூல் கலந்த துணியை உடுத்தாதே என்று வருகிறது. லுத்தர் வேறு கோணத்தில் பார்த்தார். மனிதன் தன் குற்றத்தைப் பார்த்துக்கொள்ளும் கண்ணாடி என்பது சட்டத்தின் முதன்மையான வேலை, பரலோகத்துக்கு ஏறும் ஏணி அன்று அது. தரங்கம்பாடியிலிருந்து தமிழுக்கு வந்த புரோட்டஸ்டன்ட் போதனை இந்த லுத்தர் வழியைச் சேர்ந்தது.

இதையெல்லாம் தலைகீழாக்கிய ஒரு தமிழர் உண்டு. தமிழாசிரியர்கள் அவரைத் தெரிந்துகொள்ள வேண்டும். அருமைநாயகம் என்பது பெயர். சட்டாம்பிள்ளை என்றே அறியப்பட்டார். திருநெல்வேலிச் சீமையில் நாசரேத்து மிஷனில் ஊழியம் செய்தவர். அங்கிருந்த மிஷனரி கெம்மரரோடு மோதி வேலையை இழந்தார். ஒப்பிலக்கணம் தந்த அதே கால்டுவெல், 1849இல் சாணார் சமூகத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். தம் மக்களை அது இழிவாகக் காட்டுகிறது என்று சட்டாம்பிள்ளை கொதித்தார். ஒப்பிலக்கணம் வந்தது 1856இல். அடுத்த ஆண்டே சட்டாம்பிள்ளை வெள்ளைக்காரர் தயவில்லாத தனிச் சபையை, இந்துக் கிறிஸ்தவ சபையை, நாசரேத்துப் பக்கத்தில் தொடங்கிவிட்டார்.

அவர் பிடித்த ஆயுதம் நியாயப்பிரமாணம். சனிக்கிழமை ஓய்வுநாள், பழைய ஏற்பாட்டுப் பண்டிகைகள், தூய்மை விதிகள், தூபம், தரையில் விழுந்து வணங்குதல். மிஷனரிகள் வேதம் என்று சொல்லிக் கொண்டுவந்ததில் பாதி ஐரோப்பிய வழக்கம், எபிரேயர் வழக்கமோ நம் வழக்கத்துக்குத்தான் நெருக்கம் என்பது அவர் வாதம். பவுலின் காலத்தில் வெளியாள் ஏற்றிய நுகமாக இருந்த சட்டம், நாசரேத்தில் வெளியாளின் நுகத்தை உதறும் வழியாயிற்று. பவுல் இதை ஏற்றிருப்பாரா என்பது வேறு பேச்சு. ஆனால் ‘கிறிஸ்தவம் என்றாலே தமிழ் வழக்கத்தை விடுவது’ என்று நம் ஆசிரியர் அறைகளில் எழும் பேச்சுக்கு இந்த ஒரு மனிதரின் வாழ்க்கையே போதுமான மறுப்பு.

இப்போது பொங்கல் விழாவுக்கு வருவோம். ஒரே பெஞ்சில் இருக்கும் இரண்டு கிறிஸ்தவப் பிள்ளைகளில் ஒருவர் பொங்கலை வாங்கிச் சாப்பிடுவார், இன்னொருவர் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். “நீ மட்டும் என்ன பெரிய பக்தையா?” என்று கேட்டுவிடாதீர்கள். பவுலே கொரிந்தியருக்கு எழுதும்போது இரண்டு பக்கமும் பேசுகிறார். சந்தையில் விற்பதை விசாரிக்காமல் சாப்பிடலாம், ஆனால் இது படைக்கப்பட்டது என்று ஒருவர் சொல்லிவிட்டால் அவருடைய மனச்சாட்சிக்காகத் தவிர்த்துவிடு என்கிறார். மறுக்கும் பிள்ளை உங்களை அவமதிக்கவில்லை. வாங்கும் பிள்ளை தன் மதத்தை மீறவும் இல்லை. படைப்பதற்கு முன்பே ஒரு பாத்திரத்தில் கொஞ்சம் எடுத்து வைத்துவிட்டால் பெரும்பாலும் சிக்கல் தீர்ந்துவிடும்.

ஓய்வுநாளைப் பற்றி இங்கே கேமரன் மலையில் இருந்துகொண்டு பேசாமல் இருக்க முடியாது. போ தேயிலை நிறுவனம் 1929இல் தொடங்கிய மலை இது. பிள்ளைகளில் பலருடைய பாட்டன் பூட்டன் கொழுந்துக் கூடை சுமந்தவர்கள். நான்காவது கட்டளையை (கத்தோலிக்கருக்கு மூன்றாவது) உபாகமம் ஐந்தாம் அதிகாரத்தில் முழுதாக வாசித்துப் பாருங்கள். நீ மட்டும் ஓய்ந்திருந்தால் போதாது, உன் வேலைக்காரனும் வேலைக்காரியும், உன் மாடும், உன் வாசலுக்குள் இருக்கும் அந்நியனும் ஓய்ந்திருக்க வேண்டும், ஏனென்றால் நீயும் எகிப்தில் அடிமையாக இருந்தாய் என்கிறது. தோட்டத்து வரலாறு தெரிந்த படிவம் நான்கு மாணவரிடம் இந்தப் பகுதியைக் கொடுத்து, 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் சொல்லும் வாராந்தர ஓய்வுநாளோடு ஒப்பிட்டு எழுதச் சொல்லலாம். கிறிஸ்தவர் அல்லாத பிள்ளைகளும் எழுதக்கூடிய தலைப்புதான்.

பெரும்பாலான சபைகள் இந்த ஓய்வை, இயேசு உயிர்த்தெழுந்த நாள் என்று ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொண்டன. ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையார் சனிக்கிழமையை விடவில்லை, பன்றி இறைச்சியும் உண்பதில்லை. ஆகவே சனிக்கிழமை புறப்பாட நடவடிக்கைக்கும் கூடுதல் வகுப்புக்கும் ஒரு பிள்ளை தொடர்ந்து வரவில்லை என்றால், வருகைப் பதிவேட்டில் சோம்பேறி என்று முடிவுகட்டும் முன் வீட்டுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். பேச்சுப்போட்டித் தேர்வைப் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை பிற்பகலுக்கு மாற்ற முடியும். ஓய்வுநாள் வெள்ளி மாலைப் பொழுது சாயும்போதே தொடங்கிவிடும், அதற்குள் பிள்ளை வீடு சேரும்படி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.