லைப்ரரியில விளையாட்டு பீரியட்!

டியூட்டி நேரத்துலயே இன்டர்நெட்ல விளையாடலாம். யாரும் திட்ட மாட்டாங்க. 23 விளையாட்டையும் முடிச்சுட்டா ஒரு எம்.பி.3 பிளேயர் பரிசு. குலுக்கல்ல பேர் விழுந்தா லேப்டாப்பே கிடைக்கும்!

சத்தியமா இது ஐ.டி. கம்பெனி விளம்பரம் இல்லீங்க. அமெரிக்காவின் நார்த் கரோலைனா மாநிலத்தில் சார்லட் என்றொரு நகரம். அந்த ஊர் பொது நூலகம் தன் ஊழியர்களுக்கு 2006 ஆகஸ்ட்டில் வைத்த பந்தயம் இது. பேர், 'லேர்னிங் 2.0'. செல்லப் பேர், '23 திங்ஸ்'. அதாவது, 23 விஷயங்கள்.

'அமைதி காக்கவும்' போர்டுக்குக் கீழே உட்கார்ந்து புத்தகத்துக்கு சீல் குத்துகிறவருக்கு எதுக்குப்பா இந்த விளையாட்டெல்லாம்? காரணம் இருக்கு.

அதுக்கு முன்னாடி வரைக்கும் பெரும்பாலான வெப்சைட்டுகள் காலேஜ் நோட்டீஸ் போர்டு மாதிரிதான். ஒருத்தர் ஒட்டுவார், மற்றவங்க எட்டிப் பார்த்துட்டுப் போவாங்க. 2004, 2005 வாக்கில் கதை மாறியது. பார்க்க வந்தவர்களே எழுத ஆரம்பித்தார்கள். வலைப்பூ, ஃப்ளிக்கரில் போட்டோ, யூடியூபில் வீடியோ, விக்கியில் கட்டுரை என்று ஆளாளுக்குக் களத்தில் குதித்தார்கள். இதுக்கு 'வெப் 2.0' என்று பேர் வந்தது. அந்தச் சூட்டோடு 2005-ல் மைக்கேல் கேசி என்ற அமெரிக்க நூலகர், 'லைப்ரரி 2.0' என்று பேச ஆரம்பித்தார். வாசகர் வந்து புத்தகம் எடுத்துட்டுப் போற இடமா மட்டும் இல்லாம, வாசகரும் சேர்ந்து நடத்துற இடமா நூலகம் மாறணும் என்பதுதான் அதன் சாரம்.

பேச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா, வாசகர் கவுன்ட்டருக்கு வந்து, "பாட்காஸ்ட்னா என்னங்க, அதை எப்படிக் கேக்கறது?"னு கேட்டால்? அதைத் தொட்டே பார்க்காத ஊழியர் முழிக்கத்தான் வேணும். தேடித் தருவதுதான் நூலகரின் தொழில். தேடும் இடமே மாறிவிட்டபோது, அவருக்கே அங்கே வழி தெரியலைன்னா நாற்காலிக்கு என்ன மரியாதை?

டீச்சர் இல்லாத கிளாஸ்

சார்லட் நூலகத்தில் தொழில்நுட்பப் பிரிவைக் கவனித்துவந்த ஹெலன் பிளோவர்ஸ் இதுக்கு ஒரு வழி கண்டுபிடித்தார். ஆளைக் கூப்பிட்டு கிளாஸ் எடுக்கவில்லை. ஸ்டீபன் ஆப்ரம் என்பவர், நூலகர்கள் செய்து பார்க்க வேண்டிய 43 விஷயங்கள் என்று ஒரு கட்டுரை எழுதியிருந்தார். அந்த யோசனையைப் பிடித்துக்கொண்டு 23 விஷயங்களாகப் பட்டியல் போட்டார் பிளோவர்ஸ். ஒன்பது வாரம் டைம். 'நீங்களே போங்க, நீங்களே நோண்டுங்க, என்ன ஆச்சுன்னு எழுதுங்க' - சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான் சிலபஸ்!

இரண்டாவது வாரமே ஒவ்வொருவரும் சொந்தமாக ஒரு வலைப்பூ தொடங்க வேண்டும். சொந்தப் பேரில் எழுத விருப்பம் இல்லையா? புனைபெயர் ஓ.கே. அப்புறம் ஃப்ளிக்கர். அடுத்து ஆர்.எஸ்.எஸ். இது பேப்பர் போடுற பையன் மாதிரி. பத்து வெப்சைட்டுக்கு நாம அலைய வேண்டாம். புதுசா எது வந்தாலும் ஒரே இடத்துக்குத் தேடி வந்துடும். புதுசாக வந்த புத்தகங்களின் பட்டியலை நூலகம் இதில் விட்டால் வாசகருக்குத் தானாகப் போய்ச் சேரும். அப்புறம் டெலிசியஸ். நல்ல வெப்சைட் முகவரிகளை ஒருத்தர் சேர்த்துவைத்தால், மற்ற கவுன்ட்டரில் இருப்பவரும் எடுத்துப் பயன்படுத்தலாம். இப்படியே விக்கி, யூடியூப், பாட்காஸ்ட், ஆடியோ புக் என்று போய், 23-வது விஷயத்தில் 'என்ன கத்துக்கிட்டேன்'னு எழுதி முடிக்கணும்.

முதல் வாரப் பாடத்தில் வாழ்நாள் முழுக்கக் கற்பவர்களுக்கான ஏழரைப் பழக்கங்கள் என்று ஒன்று உண்டு. (நம்ம ஊர் ஏழரை இல்லீங்க!) ஏழாவது பழக்கம், கற்றதை மற்றவருக்குச் சொல்லித் தருவது. கடைசி அரைப் பழக்கம்தான் விசேஷம். விளையாடுவது!

'குக்கரி'யா, 'குக்கிங்'கா?

விளையாட்டுல என்ன பாஸ் கிடைச்சிடும்னு கேட்கிறவங்களுக்கு ஒரு சாம்பிள். பட்டியலில் 'டேக்' போடுவது ஒரு விளையாட்டு. ஒரு புத்தகத்துக்கோ, போட்டோவுக்கோ வாசகர் தனக்குத் தோன்றும் சொல்லை ஒட்டிவைப்பதுதான் டேக். இதில் என்ன பிரமாதம்? அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் கேட்டலாக்கில் சமையல் புத்தகங்கள் எல்லாம் 'குக்கரி' என்ற தலைப்பில்தான் இருந்தன. ஜனங்களோ சாதாரணமாகச் சொல்வது 'குக்கிங்'. 2010-ல்தான் அந்தத் தலைப்பையே 'குக்கிங்' என்று மாற்றினார்கள். வாசகர் எந்தச் சொல்லை வைத்துத் தேடுவார் என்பது, அவரே டேக் போடும் இடத்தில் போய்ப் பார்த்தால் பளிச்சென்று தெரிந்துவிடும்.

அந்த நூலகமே 2008 ஜனவரியில் சுமார் 3,000 பழைய போட்டோக்களை ஃப்ளிக்கரில் ஏற்றியது. 1910-களின் செய்திப் படங்கள், 1930, 40-களின் கலர் படங்கள். 'இது எந்தத் தெரு, இவர் யார்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க'ன்னு கதவைத் திறந்துவிட்ட மாதிரிதான். வாசகர்கள் பழைய செய்தித்தாளை எல்லாம் புரட்டி, ஆதாரத்தோடு வந்து கமென்ட் போட்டார்கள். ஊழியர்கள் அதைச் சரிபார்த்தார்கள். அந்த வருஷம் அக்டோபருக்குள் 500-க்கும் மேற்பட்ட கேட்டலாக் பதிவுகள் இப்படித் திருத்தப்பட்டன. சும்மா போட்டோ போட்டு லைக் வாங்குறது வேற, இது வேற!

செத்துப்போன சிலபஸ்

இப்போ ஒரு அதிர்ச்சி. அந்த 23 விஷயங்களில் பல இப்போது உயிரோடு இல்லை. சொந்தமாகத் தேடுபொறி செய்யப் பயன்பட்ட ரோலியோ போயே போச்சு. டெலிசியஸ் கை மாறி மாறி, 2017-ல் போட்டியாளரான பின்போர்டு வாங்கியதோடு ஓய்ந்தது. ஆர்.எஸ்.எஸ். படிக்கப் பலர் நம்பியிருந்த கூகுள் ரீடர், 2013 ஜூலையில் இழுத்து மூடப்பட்டது.

இன்னொரு கூத்து. 2006 ஜூலையில் பொதுமக்களுக்கு வந்த ட்விட்டரும், அந்தச் செப்டம்பரில் எல்லோருக்கும் கதவைத் திறந்த ஃபேஸ்புக்கும் அந்த 23-ல் இல்லவே இல்லை! பின்னாடி ஊரையே ஆட்டிவைத்த இரண்டும் சிலபஸுக்கு வெளியே.

அப்போ ஒன்பது வாரமும் வேஸ்ட்டா? இல்லை. சாஃப்ட்வேரை மனப்பாடம் செய்தவருக்கு, அது மூடிய அன்றைக்கே படிப்பு முடிந்தது. புதுசு வந்தா பயப்படாம நோண்டிப் பார்க்கலாம் என்று பழகியவருக்கு ட்விட்டர் 24-வது விஷயம், ஃபேஸ்புக் 25-வது, அவ்வளவுதான். இன்ஜினீயரிங்கில் நாலு வருஷத்துக்குள்ளேயே பாதி சாஃப்ட்வேர் பழசாகிப்போவதைப் பார்க்கிற நமக்கு இது புரியாதா என்ன?

அதனால்தான் பட்டியல் செத்தும் திட்டம் சாகவில்லை. 'யார் வேணா எடுத்து மாத்தி நடத்திக்கோங்க' என்று கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கொடுத்திருந்தார்கள். ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் பக்கத்து யாரா பிளென்டி நூலகம் முதலில் பிடித்துக்கொண்டது. பிறகு உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான நூலகங்கள். 2016-ல் எடின்பரோ பல்கலைக்கழகம் பட்டியலைப் புதுசாக்கி, மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு நடத்தியது.

நம்ம ஊருக்கு இது ரொம்பப் புதுசும் இல்லை. 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆன எஸ்.ஆர்.ரங்கநாதன், அதுக்கு முன்னாடி கணக்கு வாத்தியார். வேலைக்கு வந்த பிறகுதான் லண்டன் போய் நூலகத் தொழிலைக் கற்றார். 1931-ல் அவர் எழுதிய ஐந்து விதிகளில் கடைசி விதி, நூலகத்தை வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிராகப் பார்க்கிறது. உயிர்னா புதுசு புதுசா கத்துக்கத்தானே வேணும்?

நாமளும் ஆடலாமே!

உங்க காலேஜ் லைப்ரரியில் இதைத் தொடங்க பெரிய பட்ஜெட் எதுவும் தேவையில்லை. கவனிக்க வேண்டியது நாலே நாலு.

* வாரத்தில் ஒரு மணி நேரத்தை டியூட்டிக்குள்ளேயே ஒதுக்கணும். 'வீட்டுக்குப் போய் கத்துக்கோங்க'ன்னா நடக்காது.

* வாரம் ஒரே ஒரு விஷயம். இது வாசகருக்கு எதுக்கு உதவும்னு ஒரு பாரா எழுதணும். 'ஒண்ணுக்கும் உதவாது'ங்கிறதும் நல்ல பதில்தான்.

* எதை எங்கே ஏத்தினாலும் ஒரிஜினல் நம்ம கையில் இருக்கணும். அடுத்தவன் கடை என்றைக்கு வேணாலும் ஷட்டரை இறக்கலாம்.

* யார் என்ன புத்தகம் எடுத்தாங்க என்பது வாசகரின் அந்தரங்கம். அது ஆன்லைனுக்குப் போகவே கூடாது.

லைப்ரேரியன் மேடத்துக்கு ரீல்ஸ் எடுக்கத் தெரியாமல் இருக்கலாம். நமக்கு ஐந்து நிமிஷத்தில் ஒரு பழைய ஜர்னலைத் தேடி எடுக்கத் தெரியாது. ஏழாவது பழக்கம் ஞாபகம் இருக்கா? அவங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்துட்டு, அவங்ககிட்ட அதைக் கத்துக்குங்க. எம்.பி.3 பிளேயரைவிட நல்ல பரிசு!