எல்லைக்கோடும் மின்கட்டணமும்

சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் தமிழகத்தின் எல்லையூர் ஆரம்பாக்கம். அடுத்து ஆந்திரத்தின் தடா. இரு மொழியும் கலந்து ஒலிக்கும் இவ்வூர்களில் மின்கட்டணம் மட்டும் வேறுபடுவது ஏன்? ஒவ்வொரு மாநிலத்து ஒழுங்குமுறை ஆணையமும் தனித்தே விலை வகுக்கிறது; அரசு தரும் மானியமும் வேறாகிறது.

2022-இல் இரு மாநிலங்களும் கட்டணத்தை உயர்த்தின. அவ்வாண்டின் விகிதங்களை, நிலைக்கட்டணமும் வரியும் நீக்கி, ஒப்புநோக்குவோம். இரு திங்களில் 400 யூனிட் செலவிடும் இல்லத்திற்குத் தமிழகத்தில் ரூ.1,125; மாதம் 200 யூனிட் வீதம் கணக்கிடின் ஆந்திரத்தில் ரூ.1,734. இங்கு முதல் 100 யூனிட் விலையின்றியும், அடுத்த 100 அரைவிலையிலும் கிடைத்தமையே இதற்குக் காரணம்.

ஆயினும் நம் பக்கமும் மேடு பள்ளமின்றி இல்லை. 500 யூனிட்டிற்கு ரூ.1,725, 510 ஆயின் ரூ.2,030. பத்து யூனிட்டிற்கு ரூ.305! 500-ஐக் கடந்ததும் அந்த அரைவிலைச் சலுகை அற்றுப்போவதே இதன் சூட்சுமம்.

ஒரே மீட்டரில் பல குடித்தனங்கள் வாழும் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைப் பகுதி இல்லங்களுக்கு இப்பள்ளம் மிக அருகில் உள்ளது. மிகுதியாகச் செலவிட்டவன் ஒருவன். சலுகை இழப்பவரோ அனைவரும். ஆந்திரத்தில் மாதக் கணக்கு. இங்கோ இருமாதக் கணக்கு. ஆதலின் முதல் மாத இறுதியில் நாமே மீட்டரைப் பார்த்தல் நலம். 250-ஐத் தாண்டியிருப்பின், சிக்கனத்திற்கு இன்னும் ஒரு திங்கள் எஞ்சியுள்ளது.