நுங்கம்பாக்கத்து எண்ணும் சர்வேயரின் பேஸும்

பழைய இந்திய அட்லஸ் தாள்களின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு உண்டு. மதராஸ் வானாய்வகத்தின் தீர்க்கரேகை கிழக்கு 80 பாகை 17 நிமிடம் 21 விநாடி என்று கொண்டு இத்தாள் வரையப்பட்டது, எல்லாத் தீர்க்கரேகைகளிலும் 2 நிமிடம் 30 விநாடி கழித்துக்கொள்ளவும் என்பது அதன் சாரம். தரையில் அது ஏறக்குறைய நாலரை கிலோமீட்டர்! 1802இல் நில அளவையாளர் லாம்டன் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய முக்கோண அளவை, ஊருக்கும் ஊருக்கும் உள்ள தூரத்தை அபாரத் துல்லியத்துடன் தந்தது. நுங்கம்பாக்கத்தில் இருந்த அந்த வானாய்வகம் பூமியில் எங்கே இருக்கிறது என்ற எண்தான் பிசகு. வியாழனின் துணைக்கோள் மறையும் நேரத்தைப் பார்த்துக் கணித்த எண் அது. தந்திக் கம்பி வழியே நேரத்தை ஒப்பிட்ட பிறகே அது சரியானது.

இன்றைய செயற்கைக்கோள் நில அளவையிலும் இதே பிழை நிகழ்கிறது. முக்காலியில் அசையாமல் நிற்கும் கருவி பேஸ். கையில் தூக்கிச் செல்வது ரோவர். இரண்டும் ஒரே செயற்கைக்கோள்களைக் கேட்பதால் காற்றுமண்டலம், கடிகாரம் ஆகியவற்றால் வரும் பிழைகள் பெரும்பாலும் கழிந்துபோகின்றன. மிஞ்சுவது பேஸிலிருந்து ரோவர் எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது மட்டுமே. அது ஓரிரு சென்டிமீட்டர் வரை நம்பத்தக்கது. அதைப் பேஸின் ஆயத்தொலைவுகளோடு கூட்டித்தான் ரோவரின் இடம் கிடைக்கிறது. அவசரத்தில் பேஸ் தானாகக் கண்ட இடத்தையே ஏற்றுக்கொண்டால் அதில் சில மீட்டர் பிழை இருக்கும். எல்லாப் புள்ளிகளும் அதே அளவு, அதே திசையில் நகர்ந்துவிடும். ஆனால் பரப்பளவு சரி, மூலைக் கோணம் சரி, திரையும் துல்லியம் ஒரு சென்டிமீட்டர் என்றே காட்டும். இந்தப் பிழையில் நான் அஞ்சுவது இந்த ஒழுங்கைத்தான். பக்கத்து நிலத்தின் அளவையோடு பொருத்தும்போதுதான் வரப்பின்மேல் வரப்பு ஏறுவது தெரியும்.

மீட்கும் வழி எளிது, ஒரு நிபந்தனையோடு: பேஸ் களத்தில் நின்ற நேரம் முழுதும் மூலத்தரவைப் பதிவு செய்திருக்க வேண்டும். சில மணி நேரப் பதிவை இந்திய நில அளவைத் துறையின் நிலையான நிலையங்களோடு சேர்த்துக் கணக்கிடலாம். ஆஸ்திரேலிய அரசின் ஆஸ்பாஸ் போன்ற, இணையத்தில் கணக்கிட்டுத் தரும் சேவைக்கும் அனுப்பலாம். வரும் புதிய எண்ணுக்கும் பழையதற்கும் உள்ள வேறுபாட்டை எல்லாப் புள்ளிகளுக்கும் கூட்டினால் பெரும்பாலும் போதும். செயற்கைக்கோள்கள் 20,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதால், பேஸில் 20 மீட்டர் பிழை இருந்தாலும் 5 கிலோமீட்டர் தூரத்தில் விளையும் கூடுதல் பிசகு 5 மில்லிமீட்டர் அளவே. ஆன்டெனா உயரத்தில் மட்டும் கவனம் வேண்டும். களத்தில் ஒன்று, திருத்தும்போது வேறொன்று கொடுத்தால் எல்லாப் புள்ளிகளும் அந்த வேறுபாட்டளவு மேலேயோ கீழேயோ போய்விடும்.

இன்னொரு சிக்கல், நிலமே நகர்வது. இந்தியத் தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடகிழக்காகச் செல்கிறது. ஆஸ்பாஸ் நமக்குத் தருவது அளந்த நாளின் ஆயத்தொலைவுகள். பத்தாண்டுக்கு முந்தைய அளவையும் இன்றையதும் பிழையே இல்லாமல் அரை மீட்டர் வேறுபடலாம். ஆகவே பேஸின் எண்ணோடு எந்த ஆயத்தொலைவுச் சட்டகம், எந்தத் தேதி என்பதையும் எழுதி வைக்க வேண்டும். பழைய, புதிய அளவைகள் இரண்டையும் ஒரே தேதிக்குக் கொண்டுவந்த பிறகே எந்த எல்லைக்கல் நகர்ந்தது என்று தேட வேண்டும்.