பல்வண்ண இலைக் குறுஞ்செடி

மலரின் பொருட்டு வளர்க்கப்படும் செடிகள் சில. இலையின் பொருட்டு வளர்க்கப்படும் செடிகள் வேறு சில. மலரின் அழகு பெரும்பாலும் நாளளவில் ஒழிவது. இலையின் அழகோ, செடி என்றும் பசுமை மாறாததாயின், ஆண்டு முழுவதும் நிலைப்பது. அதனாலேயே வீட்டு முற்றங்களிலும் பாடசாலை வாயில்களிலும் குரோட்டன் முதலிய பல்வண்ண இலைச் செடிகள் நெடுங்காலமாக இடம்பெற்று வருகின்றன. அவ்வகையில் இக்காலத்தே வெப்பநாடுகள் பலவற்றிற் பரவியிருப்பது, ஆங்கிலத்திலே ‘குள்ளக் குடைமரம்’ எனப் பொருள்படும் பெயரால் வழங்கும் குறுஞ்செடியாகும். அதன் இயல்பு யாது, அதன் இலையிற் காணப்படும் பொன்னிறம் எவ்வாறு உண்டாயிற்று, அந்நிறம் கெடாது அதனை வளர்ப்பது எங்ஙனம் என்பன ஈண்டு ஆராயப்படும்.

இச்செடியின் தாயகம் தைவான் தீவும் ஹைனான் தீவுமாம். நீண்ட காம்பின் நுனியில் ஏழு முதல் ஒன்பது வரையான சிற்றிலைகள் வட்டமாக விரிந்து நிற்றலின், ஒவ்வோர் இலையும் விரித்த குடையொன்றின் தோற்றத்தைத் தருகின்றது. இதற்கு உறவான குடைமரம் ஒன்று அவுஸ்திரேலியாவிலும் நியூகினியிலும் வளர்வது. ஐம்பது அடி உயரத்தை எட்டவல்லது. அதனோடு ஒப்புநோக்கியே இது ‘குள்ளம்’ எனப்பட்டது. காட்டில் இதுவும் ஆளுயரத்தைக் கடந்து வளருமாயினும், தோட்டத்திற் கத்தரித்து வரின் மூன்றடி அளவிலே அடர்ந்த புதராக நிறுத்தலாம். சாடியில் வளர்ப்பின் இன்னும் குறுக்கலாம்.

இதன் அறிவியற் பெயரின் வரலாறும் அறியத்தக்கதே. தைவான் தாவரங்களை ஆராய்ந்த யப்பானிய அறிஞர் ஹயாற்றா என்பார் 1916 ஆம் ஆண்டில் இதற்கு ‘ஹெப்ராப்புளூரம் ஆர்போரிக்கோலா’ எனப் பெயரிட்டார். ‘ஆர்போரிக்கோலா’ என்னும் இலத்தீன் சொல் ‘மரத்தில் வாழ்வது’ எனப் பொருள்படும். தாயகத்திலே பெருமரங்களின்மீது ஒட்டி வளரும் இயல்பும் இதற்கு உண்டு. பின்னர் அமெரிக்க அறிஞர் மெறில் இதனைச் ‘செவ்லெரா’ என்னும் சாதியிற் சேர்த்தார். நாற்றுமேடைகளில் இன்றும் வழங்குவது அப்பெயரே. ஆயின், பரம்பரை அலகுகளை ஒப்பிட்ட ஆய்வுகள் செவ்லெரா என ஒன்றாகத் தொகுக்கப்பட்டவை உண்மையில் ஒரு குலத்தன அல்ல என்று காட்டின. ஆகவே, 2020 ஆம் ஆண்டில் ஆசியச் செடிகள் யாவும் பழைய ஹெப்ராப்புளூரம் சாதிக்கே மீட்கப்பட்டன. அச்சாதியை 1791 ஆம் ஆண்டில் நிறுவியவர் செருமானிய அறிஞர் கேட்னர். அவர் அதன்கண் முதலில் வைத்த இனம் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இயற்கையாக வளர்வதொன்றாகும். எனவே, தைவானிலிருந்து வந்த இச்செடி இலங்கைக் காட்டுச் செடியொன்றற்கு உறவினதே எனலாம்.

இனி, இலையின் நிறத்தை நோக்குவோம். காட்டில் வளரும் செடியின் இலை முற்றும் பச்சையே. தோட்டங்களில் விரும்பப்படும் வகையில், பச்சை இலையின்மீது பொன்மஞ்சள் அல்லது வெண்மஞ்சள் நிறம் தெளித்தாற்போலவும் தீட்டினாற்போலவும் பரந்திருக்கும். இந்நிறம் செடிக்குப் புதிதாகச் சேர்ந்த ஒரு செல்வமன்று, உள்ளதொன்றன் குறைவேயாம். இலைக்குப் பசுமை தருவது பச்சையம். ஞாயிற்றின் ஒளியைக் கொண்டு, நீரிலிருந்தும் காபனீரொட்சைட்டிலிருந்தும் உணவு ஆக்கும் ஒளித்தொகுப்பு அதனாலேயே நிகழ்கின்றது. பச்சையம் குன்றிய கலங்களில், அதனால் மறைக்கப்பட்டிருந்த மஞ்சள் நிறப்பொருள்கள் வெளிப்படுகின்றன. எனவே, கண்ணைக் கவரும் பொன்னிறப் பகுதி உணவாக்கும் ஆற்றல் மிகக் குறைந்த பகுதியாகும். பக்கத்திலுள்ள பச்சைப் பகுதியின் உழைப்பினாலேயே அது வாழ்கின்றது.

ஒரே செடியில் இருவகைக் கலங்கள் அருகருகே வாழ்தல் எவ்வாறு கூடும்? செருமானிய அறிஞர் விங்க்ளர், தக்காளியையும் மணித்தக்காளியையும் ஒட்டுவைத்து, ஒரு பாதி ஒன்றாகவும் மறு பாதி மற்றொன்றாகவும் அமைந்த கிளையொன்றைப் பெற்றார். பல விலங்குகளின் உறுப்புக்கள் கூடியதாகக் கிரேக்கர் புனைந்த கைமேரா என்னும் விலங்கின் பெயரை 1907 ஆம் ஆண்டில் அதற்கு இட்டார். 1909 ஆம் ஆண்டில் எர்வின் பவர் என்பார், வெண்ணிற விளிம்புடைய பெலார்கோனியச் செடியும் அத்தகையதே என விளக்கினார். தண்டின் நுனியிலுள்ள பிரியிழையம் படைபடையாக அமைந்தது. அப்படைகளுள் ஒன்றில் உள்ள ஒரு கலம் விகாரமுற்றுப் பச்சையம் ஆக்கும் ஆற்றலை இழக்குமாயின், அதன் வழித்தோன்றிய கலங்கள் யாவும் நிறமற்றனவாகும். ஏனைய படைகள் பசுமையாகவே இருக்கும். இவ்விரண்டும் கூடி அமைக்கும் இலையே இருநிற இலை. தோட்டங்களிற் பேணப்படும் இருநிறச் செடிகளுட் பல இவ்வாறு தோன்றியனவே. வைரசு நோயால் இலை நிறம் மாறும் செடிகளும், குரோட்டனைப் போல் பரம்பரை இயல்பாகவே பல நிறங்கொள்ளும் செடிகளும் இவற்றின் வேறாவன.

இவ்வுண்மையை உணர்ந்தார்க்கு வளர்ப்பு முறையின் காரணங்கள் தாமே விளங்கும். முதலாவது, பெருக்கம். விதையிலிருந்து தோன்றும் நாற்று, தாய்ச்செடியின் இருநிறத்தைக் கொண்டிருக்கும் என எதிர்பார்த்தல் இயலாது. பச்சையமே அற்ற நாற்றுக்கள் முளைப்பின், விதையில் இருந்த உணவு தீர்ந்ததும் மாண்டுபோகும். ஆதலால் நன்னிறம் வாய்ந்த கிளையிலிருந்து ஐந்தாறு அங்குல நீளமுள்ள தண்டுத் துண்டை வெட்டி, கீழ் இலைகளை நீக்கி, ஈரமணலில் நட்டு நிழலில் வைத்தல் வேண்டும். சில வாரங்களில் வேர்விடும். கிளையின் பட்டையை வளையமாக நீக்கி, ஈரப்பொருளால் மூடிக் கட்டிப் பதிவைத்தலும் ஆகும். தண்டிலிருந்து காற்றுவேர் விடும் இயல்பு இச்செடிக்கு இருத்தலால் அம்முறை எளிதிற் பயன்தரும்.

இரண்டாவது, ஒளி. உணவாக்கும் பரப்புக் குறைந்த இலைக்கு ஒளி தாராளமாக வேண்டும். இருண்ட மூலையில் வைக்கப்பட்ட செடி கணுவிடை நீண்டு மெலியும். புதிய இலைகளில் நிறத்தின் தெளிவும் குன்றும். ஆயின், உச்சி வெயில் முழுதும் படுமிடத்து வெளிறிய பகுதிகள் கருகுதலும் உண்டு. காலை வெயிலும் நண்பகல் நிழலும் பெறும் கிழக்குப்புறமே இதற்குச் சாலவும் ஏற்றது.

மூன்றாவது, மண்ணும் நீரும். நீர் தேங்கும் மண்ணில் வேர் அழுகி இலை உதிரும். மணலும் மக்கிய எருவும் கலந்த செம்பாட்டு மண் நன்று. மேல்மண் காய்ந்தபின் அடுத்த நீரை ஊற்றுதல் போதுமானது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச்சத்து வேருக்கு எட்டாமற் போதலால், நரம்பு பசுமையாக நிற்க இடைப்பகுதி மஞ்சளாகும். இதனை இலையின் இயற்கை வண்ணமென மயங்கலாகாது. இயற்கை வண்ணம் நரம்பமைப்பைப் பின்பற்றாது பரந்திருப்பது. சத்துக் குறைவோ நரம்பிடைகளைப் பின்பற்றி இளந்தளிர்களில் முதலில் தோன்றுவது. மக்கிய எரு இட்டுவருதல் அதற்குத் துணையாகும். செதிற்பூச்சியும் பஞ்சுபோற் படியும் பூச்சியும் காணின், துணியாற் துடைத்துச் சவர்க்கார நீர் தெளித்தல் தகும்.

நான்காவதும் தலையாயதும் கத்தரித்தலாம். இருநிறச் செடியில் இடையிடையே முழுப்பச்சைக் கிளையொன்று தோன்றும். அது கண்டு செடி செழிக்கின்றதென மகிழ்வார் பலர். உண்மையில் அக்கிளை, உணவாக்கும் ஆற்றல் மிகுந்தமையின், ஏனைக் கிளைகளினும் விரைந்து வளர்ந்து, அவற்றின்மேற் படர்ந்து ஒளியை மறைக்கும். சில ஆண்டுகள் கவனியாது விடின், பொன்னிறம் மறைந்து பச்சைப் புதரே எஞ்சும். ஆகவே, பச்சைக்கிளை கண்டவுடன் அதனை நுனியில் மாத்திரம் கிள்ளாது, அது தோன்றிய இடத்திற்கும் கீழே, இருநிற இலையுள்ள பகுதிவரை வெட்டுதல் வேண்டும். முழுமஞ்சட் கிளை தோன்றுதலும் உண்டு. அது மிக அழகியதேனும், தன் உணவைத் தான் ஆக்கமாட்டாது. தனியே வெட்டி நடின் வாழாது. அத்தகைய கிளைகள் மிகுந்தால் செடி முழுவதும் தளரும். வெட்டுங்கால் வடியும் சாறு தோலையும் வாயையும் உறுத்துவது. அதனைக் கடிக்கும் நாய், பூனை முதலியனவும் துன்புறும். ஆதலின் வேலை முடிந்தபின் கை கழுவுதலும், வெட்டிய கிளைகளைச் சிறுவர் கைக்கு எட்டாது அகற்றுதலும் இன்றியமையாதன.

இங்ஙனம் நோக்குமிடத்து, இச்செடியின் அழகு தானே நிலைபெறுவதன்று என்பது தெளிவாகும். காட்டிலே பச்சையே வெல்லும். ஏனெனில், வாழ்க்கைப் போட்டிக்கு வேண்டியது அழகன்று, உணவு. தோட்டத்திலே பொன்னிறம் நிலைப்பது, இரண்டும் தத்தம் அளவில் நிற்குமாறு மனிதன் இடையறாது காத்து வருதலினாலேயாம். பச்சையை அறவே நீக்கின் செடி பட்டுப்போகும். அதனைத் தடையின்றி வளரவிடின் வண்ணம் அழிந்துபோகும். கத்தரிக்கோல் எடுப்போர் இவ்விரு எல்லைகளையும் அறிந்து, கிழமைக்கு ஒருமுறையேனும் செடியைச் சுற்றிவந்து நோக்குவராயின், சிறிய முற்றத்திலும் பொன் தெளித்த குடைகள் பல ஆண்டுகள் விரிந்து நிற்கும்.