எறும்பு வீட்டுக்கு எந்த மண்?

ஆறாம் வகுப்பு அறிவியல் பாடவேளைக்காகக் கண்ணாடிக் குடுவையில் எறும்பு வீடு ஒன்று அமைத்தோம். சுற்றுச்சுவர் கட்டியபோது மிஞ்சிய மணல் பள்ளி மூலையில் குவிந்து கிடந்தது. அதையே நனைத்து நிரப்பி, இருபது கட்டெறும்புகளை விட்டோம். மூன்றாம் நாள் காலை ஒன்றுகூட அசையவில்லை. "நாமதான் கொன்னுட்டோமா டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

காரணத்தை மாணவர்களோடு சேர்ந்தே தேடினேன். அந்த மணலை நீரில் கலக்கித் தெளியவைத்து, சிவப்பு லிட்மஸ் தாளை நனைத்தோம். தாள் நீலமானது. மணலில் சிமெண்ட் சிந்தியிருந்தது. ஈரமான சிமெண்ட் கடும் காரத்தன்மை உடையது. எறும்பு மண்ணைத் தாடையால் கடித்து, வாயில் சுமந்துதான் சுரங்கம் தோண்டுகிறது. உணர்கொம்புகளை முன்னங்கால்களால் துடைத்து, அந்தக் கால்களை வாயால் சுத்தம் செய்கிறது. ஆக, மண்ணில் உள்ளது எதுவானாலும் அதன் வாய்க்குப் போய்ச் சேரும். அன்றிலிருந்து மண்ணைத் தேர்ந்தெடுப்பதே எங்கள் முதல் பாடம்.

கட்டட மணலோடு வேறு சிலவற்றையும் தவிர்க்கிறோம். கடற்கரை மணலில் உப்பு உண்டு. தோட்ட மண்ணில் உரமோ பூச்சிமருந்தோ கலந்திருக்கலாம். மண்புழு உரமும் சாண எருவும் மூடிய குடுவைக்குள் விரைவில் பூஞ்சை பிடிக்கும். அழகுக்காக வண்ணக் கோலப்பொடி தூவலாமா என்று குழந்தைகள் கேட்பார்கள். அதிலுள்ள சாயமும் நுண்தூளும் எறும்புக்கு ஆகாது.

எறும்புகள் வாழும் இடத்திற்கு அருகிலுள்ள, மருந்து தெளிக்காத மண்ணே நல்லது. அதைச் சல்லடையில் சலித்து, மாணவர்களைக் கொண்டே மூன்று சோதனைகள் செய்யலாம்.

முதலாவது, லிட்மஸ் சோதனை. இரண்டாவது, உப்புச் சோதனை: மண்ணை நீரில் ஊறவைத்து வடிகட்டி, அந்த நீரைத் தட்டில் ஊற்றி வெயிலில் வற்றவிடுங்கள். வெள்ளைப் படிவு மிகுந்தால் அந்த மண் வேண்டாம். மூன்றாவது, சுரங்கச் சோதனை: ஈரமண்ணைத் தம்ளரில் அழுத்தி, பென்சிலால் துளையிட்டு மறுநாள் பாருங்கள். துளை சரிந்தால் களிமண் போதாது. மண் வெடித்து இறுகினால் களிமண் அதிகம். கழுவிய ஆற்றுமணல் மூன்று பங்கு, களிமண் ஒரு பங்கு என்ற கலவை எங்களுக்குச் சரியாக அமைந்தது.

தேர்ந்த மண்ணை ஆசிரியரே வாணலியில் கால்மணி நேரம் வறுத்து, முழுவதும் ஆறவைக்க வேண்டும். உள்ளிருக்கும் சிறு பூச்சிகள் இதில் அழியும். பிறகு நீர் தெளித்துப் பிசையுங்கள். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கவேண்டும். பிழிந்தால் நீர் சொட்டக்கூடாது. பெரிய குடுவைக்குள் சிறிய குடுவையைக் கவிழ்த்து வைத்து, இடைவெளியில் மண்ணை நிரப்பினால் சுரங்கங்கள் கண்ணாடியோரம் தெரியும். ஒருபுறம் மட்டும் அவ்வப்போது நனைத்தால், ஈரமான இடத்தையும் உலர்ந்த இடத்தையும் எறும்புகளே தேர்ந்துகொள்ளும். பார்க்காத நேரத்தில் கறுப்புத் தாளால் சுற்றிவையுங்கள்.

ராணி இல்லாத வேலைக்கார எறும்புகள் என்பதால் இரண்டு வாரத்திற்கு மேல் வைப்பதில்லை. இரண்டாம் முறை, எடுத்த அதே வேப்பமரத்தடியில் அவற்றைத் திரும்ப விட்டோம். மூடியைத் திறந்தவள் அன்று கேள்வி கேட்ட மாணவிதான். கடைசி எறும்பு வெளியேறும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.